மலை ஊரின் பின்கோடு

அக்டோபர் 9, திங்கள்

இரவு அடித்த காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிட்டது. காலை லோந்தோங் சோற்றுக்கட்டி வியாபாரம் முடிவதற்குள் இவர் பல முறை கூப்பிட்டுவிட்டார். படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒரே கறுப்பு. பழைய டிவியில் புள்ளி புள்ளியாகப் பொரிந்தாலும் ஆளின் குரலாவது கேட்கும். இந்த டிஜிட்டலில் வந்தால் முழுசாக வரும்; இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. நான் வெளியே கம்பத்தைத் திருப்ப, இவர் சன்னலுக்குள்ளிருந்து நல்ல கையால் சைகை காட்டினார். இன்னும், இன்னும், போதும். வடக்குக் குன்றின் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து நின்றதும் படம் வந்தது.

பக்கவாதம் வந்து இரண்டாவது வருடம். பேருந்து ஓட்டிய மனிதருக்கு இப்போது அந்தத் திரைதான் ரோடு.

அக்டோபர் 14, சனி

இப்போதுதான் வீடு திரும்பினோம். எழுதினால் மனசு அடங்கும்.

மதியத் தொழுகை முடிந்த நேரம், தூறல். டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, காதைக் கிழிக்கும் சங்கு. பக்கத்து வீட்டிலும் அதே சத்தம், எதிர்வீட்டிலும் அதே. சந்து முழுவதும் ஒன்றாக அலறியது. ‘உடனே வெளியேறுங்கள்’ என்பதற்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று யார் படித்தார்கள்? எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது படகுக் கொட்டகை மட்டும்.

இவரை நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது. நாற்காலியோடு சேர்த்து நான்கு ஆள் தூக்கவேண்டும். காப்பிக்கடையிலிருந்து கடைக்கார ரிஸ்மனும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். கடை டிவியும் அலறியதாம். பள்ளிக்கூட மேட்டில் ஏறித்தான் நின்றோம்.

கடல் சும்மா கிடந்தது. யாரோ கைபேசியைப் பார்த்துச் சொன்னார்கள்: எச்சரிக்கை மலை மாவட்டத்துக்கு. எரிமலைச் சரிவில் பெருமழை, சேற்று வெள்ளம் இறங்குகிறது. இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம்.

ரிஸ்மன் மூச்சு வாங்கியபடி தரையில் உட்கார்ந்தான். “அண்ணே, அடுத்த தடவைக்குள்ள கொஞ்சம் இளைச்சிருங்க. மலையில சேறு வந்தாக்கூட உங்களத்தான் தூக்க வேண்டியிருக்கு.” இவரும் சிரித்தார், பாதி வாயால். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

ஏன் எங்கள் டிவிகள் அலறின என்று தெரிந்துவிட்டது. செட்டாப் பாக்ஸின் மெனுவிலேயே இருக்கிறது. கோபுரம் ஒன்றுதான், கடற்கரைக்கும் மலைக்கும் எச்சரிக்கை அதிலிருந்தே வருகிறது. பெட்டியில் எந்த ஊர்ப் பின்கோடு போட்டிருக்கிறோமோ அந்த ஊர் எச்சரிக்கைக்கு மட்டும் பெட்டி சங்கு ஊதும். என் பெட்டியில் இருந்தது கோத்தோ ரனாவின் பின்கோடு.

கோத்தோ ரனா எங்கள் குலத்தின் பூர்வ ஊர். அம்மா காலத்திலேயே கடற்கரைக்கு இறங்கிவிட்டோம். ஆனால் இந்தச் சந்தில் எல்லார் அடையாள அட்டையிலும் இன்னும் அந்த விலாசம்தான். மாற்றினால் குலத்து நிலத்தில் நமக்குப் பேச்சு இல்லாமல் போய்விடும் என்று யாரும் மாற்றுவதில்லை. பெட்டிகள் வந்தபோது வீடு வீடாகப் போய்ப் பொருத்தியவர் மாமா. என் தாய்மாமன், குலத்தலைவர். ‘உங்கள் ஊர்ப் பின்கோடு’ என்று பெட்டி கேட்டதும் யோசிக்காமல் அதைப் போட்டிருக்கிறார்.

அப்படியானால் கடல் வந்தால்? ஒரு வீட்டிலும் ஊதாது.

என் பெட்டியை மாற்றிவிட்டேன். என் வீட்டில் மட்டும் ஊதி என்ன பயன்? தூக்க வரவேண்டியவர்களுக்குக் கேட்கவேண்டாமா?

அக்டோபர் 18, புதன்

மாமாவிடம் போனேன். அத்தை இறந்ததும் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டவர், காப்பிக்கடையின் பின்னறையில் இருக்கிறார். எங்களில் வீடு பெண்ணுடையது; மனைவி போனால் ஆணுக்கு அங்கே வேலை இல்லை. பெண்கள் கடைக்குள் போய் உட்காருவதும் வழக்கமில்லை. வாசலில் நின்றே பேசினேன்.

நான் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரோஹனா சின்னம்மாவைப் பற்றிச் சொன்னார். மாமாவின் தங்கை, கோத்தோ ரனாவிலேயே இருப்பவள். சனிக்கிழமை அங்கே கரண்ட் இல்லை, டிவி செத்துக் கிடந்தது. இங்கே சங்கு ஊதியதும் திரையில் ஊர்ப்பெயரைப் படித்து, பள்ளிக்கூட மேட்டுக்குக்கூட வராமல், மாமா அவளுக்குப் போன் செய்திருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு மசூதிக்கு ஏறிவிட்டாள். சேறு வந்து சமையலறையை இழுத்துக்கொண்டு போனது.

“இப்ப சொல்லு அஸ்னிதார், நான் போட்ட கோடு தப்பா?”

தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இங்கே கடல் வந்தால்?

அக்டோபர் 21, சனி

தொழுகைக்கூடத்தில் சந்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எல்லா வீட்டிலும் இந்த ஊர்ப் பின்கோடு. காப்பிக்கடைப் பெட்டியில் மட்டும் மலையினுடையது இருக்கட்டும். மாமா சொன்ன ஏற்பாடுதான். “ஒரு பெட்டியாவது நம்ம ஊர்ப் பக்கம் காது வச்சிருக்கட்டும்,” என்றார். நியாயம் என்றே எனக்கும் பட்டது. பக்கத்து வீட்டு யெனிமாரும் நானும் வீடு வீடாகப் போய் மாற்றினோம். “உங்க மாமா போட்டத நாம அழிக்கிறோம், ராத்திரி கனவுல வந்து திட்டப்போறார்,” என்று அவள் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெகு நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வரும் போலிருக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

இவரைத் தூக்கும் நால்வரும் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பது காப்பிக்கடையில். ஊதாத டிவிக்கு முன்னால். எனக்கு ஏன் அன்றே தோன்றவில்லை?

நவம்பர் 2, வியாழன்

கடைப் பெட்டியையும் மாற்றச் சொல்லி மறுபடியும் கடை வாசலில் நின்றேன். இந்த முறை மாமாவுக்குப் பொறுமை இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்: “உம் புருஷன் ஒருத்தனுக்காக என் தங்கச்சியக் கைவிடச் சொல்றியா?”

டாமினோ ஆட்டம் நின்றது. உள்ளேயிருந்து யாரோ மெதுவாக, வந்த மாப்பிள்ளை அடிமரத்து மேல் சாம்பல் என்றார்கள். ஊதினால் பறந்துவிடும் என்ற மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், பழமொழி எல்லோருக்கும் தெரியும். ரிஸ்மன் தலையைக் குனிந்துகொண்டு கோப்பை கழுவினான்.

சாம்பலா? இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டி இந்தக் கூரையப் போட்டது யாரு? மாமா மலைக்குப் போகும்போதெல்லாம் காசு வாங்காம முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனது யாரு? எல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு. மாமாகிட்ட எப்படிச் சொல்றது? திரும்பி வந்துட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருக்கிறது. சோறு ஊட்டும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். டிவி சாய்வாகத் தெரிகிறது என்கிறார். பரவாயில்லை.

நவம்பர் 9, வியாழன்

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் பக்கத்தில் பாயில் தூங்குகிறார்.

நேற்று மாலை தரை ஆடியது. ஆடியது என்றுகூடச் சொல்ல முடியாது. கோப்பையில் தேநீர் அசைந்தது, நெடுநேரம், மெதுவாக. இந்தக் கரையில் இதற்கெல்லாம் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். நானும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பலாக்காய்க் குழம்பு இருந்தது.

பிறகு சிவப்பு. சங்கு. இந்த முறை படித்தேன். எங்கள் ஊர்ப் பெயர், கடல்.

இவர் ஏற்கெனவே நாற்காலியில்தான் இருந்தார். துண்டால் இடுப்பைக் கட்டினேன். ரிஸ்மனுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. யெனிமார் பையோடு வாசலைத் தாண்டினாள். கடையில் சொல்லு என்று கத்தினேன், ஓடினாள். அப்புறம் சந்து காலியாகிவிட்டது. நாற்காலியைப் படிவரை இழுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“நீ போ,” என்றார். தெளிவாகவே சொன்னார். இத்தனை மாதத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை வந்ததில்லை.

“வாய மூடிட்டு உக்காருங்க.”

கடையில் நடந்ததை யெனிமார் பிறகுதான் சொன்னாள். தரை அசைந்ததும் அவர்கள் டிவியைப் பார்த்திருக்கிறார்கள். அதில் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை என்று டாமினோவைத் தொடர்ந்திருக்கிறார்கள். இவள் போய்க் கத்தியதும் ஒருவர், “எங்க டிவி சும்மாதானே இருக்கு, போன மாசம் மாதிரி மறுபடியும் ஏற விட்டுடாதீங்க,” என்றாராம். சிரிப்பு வேறு. அப்போது பின்னறையிலிருந்து மாமா வந்தார். டிவியைப் பார்த்தார். வயரைப் பிடுங்கினார்.

“அது மலைக்குப் போட்ட டிவி. இந்த ஊருக்கு அது பேசாது. எந்திரிங்கடா.”

பாட்டு நின்றதும் வீடுகளின் சங்கு அவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

நான் பார்த்தது சந்து முனையில் வந்த மாமாவைத்தான். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பின்னால் ரிஸ்மன், இன்னும் இருவர். நான்காவது ஆள் அன்று கடலில். அவன் படகு ஆழத்தில் இருந்ததால் தப்பியது. நாற்காலியின் நான்காவது காலை மாமாவே பிடித்தார். விடச் சொல்லியும் விடவில்லை.

மேட்டில் பாதி ஏறும்போது கீழே படகுக் கொட்டகை முறிகிற சத்தம் கேட்டது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவர் நிற்கிறது. நாற்காலி இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு நீர்க்கோடு. டிவியும் பெட்டியும் சேற்றுக்குள். சந்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நவம்பர் 19, ஞாயிறு

நேற்று மாமா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். வாசலில் நின்றேன், “உள்ள வா,” என்றார். உயரத்தில் மாட்டியிருந்ததால் தப்பிய டிவியின் ரிமோட்டைக் கையில் கொடுத்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, இந்த ஊர்ப் பின்கோட்டை நீயே போடு என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. போட்டேன்.

சின்னம்மாவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் டிவி இல்லாததால் காலையில் ரிஸ்மனும் மற்றவர்களும் வந்து இவரை நாற்காலியோடு கடைக்குத் தூக்கிப் போகிறார்கள், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறார்கள். மாமா பக்கத்தில் இடம். முட்டைத் தேநீர் குடிக்கிறாராம். வைத்தியர் வேண்டாம் என்றது.

இன்று மதியத்திலிருந்து மழை. பொழுது சாயும் நேரம் லோந்தோங் பாத்திரம் கழுவும்போது கடைப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. போனில் பேசினால் மலைக்கே கேட்கும்படிதான் பேசுவார். “அங்க மழையா? ஆத்துத் தண்ணி என்ன நிறம், சேறு கலங்கியிருக்கா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, நான் வைக்கல.”

இருட்டியும் இவரைக் கொண்டுவரவில்லை. குடையோடு போய்க் கேட்டேன். இவர் கையில் மாமாவின் கைபேசி, லைனைத் துண்டிக்காமல் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மாமா தொழப் போயிருக்கிறாராம். சின்னம்மா இன்னும் ஆற்றிலிருந்து திரும்பவில்லை.

“இரு, வரட்டும்,” என்றார் இவர் என்னிடம்.