இரண்டு மீட்டர் இறங்கும்

கோட்-டெ-நெய்ஜ், மொன்ட்ரியால்

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அப்பா சீனியில்லாத தேநீர் குடிக்கிறாரா, குடிப்பதாகச் சொல்கிறாரா? நான் சுகம்.

மலைப்பக்க நீர்த்தேக்கம் ஒன்றில் இந்த வருடம் எப்போது தண்ணீர் திறப்பது, எவ்வளவைப் பக்கத்து ஆற்றுக்குத் திருப்புவது என்று நான் போட்ட திட்டத்தைப் போன கிழமை அந்த ஊர்க் கூட்டத்தில் விளக்கினேன். நீர்மட்டம் இரண்டு மீட்டர் இறங்கும் என்று பிரெஞ்சில் சொன்னதும் படகுக்காரர்கள் எழுந்து கத்தினார்கள். என்னோடு வேலை செய்யும் சாரங்கன் காதுக்குள், "அக்கா, பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டியள்" என்றான். பிரெஞ்சில் இரண்டு 'டு', பன்னிரண்டு 'டூஸ்'; என் வாயில் மாறிவிட்டது.

இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். மூன்று வருடமாக அந்த இரண்டு மீட்டருக்குச் சம்மதிக்காதவர்கள், "இரண்டுதானா?" என்று நிம்மதியாகி உடனே திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடமும் நீயே பேசு என்கிறார் மேலாளர். ஆகவே வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ரோசாப்பூப் படங்கள் போதும் அம்மா. குரலில் பேசி அனுப்புங்கள். அன்றைக்கு என்ன கறி என்று சொன்னாலும் சரி, நீளமாகச் சொல்லுங்கள். சாப்பிடும்போது போட்டுக் கேட்பேன்.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜென்சி