ஐந்தாம் படியில் நின்றவள்

ஆமாம், கம்பியைச் சுட வைத்தது நான்தான். சிவந்த முனை அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இறங்குகிறது. பிளாஸ்டிக் உருகும் வாசனை. ஜன்னலைத் திறந்துவிட்டேன், திட்டாதே. துளையில் இன்ஹேலர் பம்பின் வாயைச் செருகிவிட்டால், மறுமுனையில் பிள்ளை வாய் வைத்து மருந்தை நிதானமாக இழுக்கலாம். கடையில் விற்கும் ஸ்பேசரை வாங்க முடியாத வீடுகளுக்கு இது போதும். உனக்குத் துளை ஒருநாளும் கோணியதில்லை. எனக்கு மூன்றாவது பாட்டிலும் வீண்.

இந்த வாசனையில் உன்னை நினைக்கிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். கோபமாகத்தான் நினைக்கிறேன்.

தாராவியில் நாம் தொடங்கிய ஆய்வுக்கு இரண்டு பகுதிகள். குழந்தைகளின் ஆஸ்துமா ஒன்று. அந்த வேலையில் நர்சிங் மாணவிகளான நாம் எப்படி மாறுகிறோம் என்பது மற்றொன்று. கேள்வித்தாளின் முதல் கேள்வி: உங்கள் குழந்தைக்கு ஆஸ்துமா உண்டா? சந்து முழுக்க ஒரே பதில். இல்லை, வெறும் சளி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கும். வாசலில் நிற்கும் நமக்கே கேட்கும்.

"கேள்விய மாத்துவோம்ட்டி" என்றாய். "மாடிக்கு ஏறச் சொல்லு. எந்தப் படியில நிக்குதுன்னு எழுது."

அங்கே மாடி என்றால் செங்குத்தான இரும்பு ஏணி. வெளிச்சுவரில், பிடிப்பதற்கு ஒரு கயிறு. பை தைக்கும் ஓர் அக்காவின் வீட்டில் தொடங்கினோம். மெஷினிலிருந்து அவர் எழவில்லை.

"ஏன் சிஸ்டர், எம் மவ என்ன சர்க்கஸ்காரியா? ஏறு எறங்குங்கிய."

எட்டு வயதுச் சிறுமி ஏறினாள். ஏழாம் படியில் நின்றாள். விழுந்துவிடக் கூடாதே என்று பின்னாலேயே போன நீ ஐந்தாம் படியில் நின்றாய். உன் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. அவள் குனிந்து பார்த்தாள்.

"யம்மா, இங்க பாரேன், சிஸ்டரும் நின்னுட்டாங்க! நான் ரெண்டு படி ஜாஸ்தி!"

நீ இறங்கி வந்து பையிலிருந்து உன் பம்பை எடுத்தாய். எல்லோர் முன்னாலும். மூன்று வருடம் ஹாஸ்டலில் உன் அடுத்த கட்டிலில் படுத்தவள் நான். அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மெஷின் நின்றது. "ஒனக்குமா பிள்ள?" என்றார் அந்த அக்கா. அரிசி டிரம்முக்குப் பின்னால் கைவிட்டு ஒரு துணிச்சுருளை எடுத்தார். உள்ளே பம்பு. "இது இருக்கது எம் மாமியாருக்கே தெரியாது. நாளைக்கு இவள எவன் கெட்டுவான்?"

"எனக்கும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க க்கா. சேர்ந்தே தேடுவோம்" என்றாய்.

அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது. பிறகு சந்திலிருந்து ஒவ்வொரு பம்பாக வெளியே வந்தது. மாவு டின்னிலிருந்து. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து. நம் கேள்வித்தாள் கொண்டுவராததை உன் பம்பு கொண்டுவந்தது.

பஸ் நிறுத்தத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "காலேஜ்ல சொல்லிறாத. ஃபிட்னஸ் ஃபாரத்துல ஒண்ணுமில்லன்னு எழுதிருக்கேன். தெரிஞ்சா வெளிய தள்ளிருவாங்க."

தலையாட்டினேன். அன்று அதைத்தான் நட்பு என்று நினைத்தேன்.

ஒரு மழை நாள். வார்டில் பகல் டூட்டி. மூச்சு இழுத்தபோது பம்பை எடுக்க நீ யாருமில்லாத இடத்தைத் தேடிப் போனாய். துணி அறை. கதவைச் சாத்தியிருந்தாய். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலும் ஆக்சிஜன் குழாய் உள்ள வார்டு. அதிலிருந்து இருபது அடி. நாங்கள் திறந்தபோது நேரம் கடந்திருந்தது.

பிறகுதான் கல்லூரியின் விதிப் புத்தகத்தைப் படித்தேன். ஆஸ்துமா உள்ளவர் படிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. மருந்தில் கட்டுக்குள் இருந்தால் போதும். நீ படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அதைப் படித்துக்காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் ஒரு பக்கமாக எழுதி அறிக்கையில் சேர்த்தேன். உன் பெயர் இல்லாமல். மாணவி ஒருவர், ஐந்தாம் படி, அதன் பிறகு வெளியே வந்த பம்புகள், துணி அறை. எங்களை வழிநடத்தும் மேடம் குறுக்காகக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். சுகாதாரக் கல்விக்குப் பின் தாய்மார்கள் நோயைச் சொல்ல முன்வந்தார்கள் என்று எழுதினால் போதுமாம்.

"போன பெண்ணின் பெயரை ஏன் கெடுக்கிறாய்?" என்று இந்தியில் கேட்டார்.

"கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது, மேடம்?"

அடுத்த கோப்பை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

அவர் போட்ட கோட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் எனக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. நேற்று தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப் குடியிருப்பில் உன் அம்மாவைப் பார்த்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். துணி அறை வந்தபோதும் நிறுத்தச் சொல்லவில்லை.

"சின்னதுலயே நாந்தான் சொன்னேன்" என்றார். "யார்ட்டயும் சொல்லாத, ஒருத்தனும் கெட்ட மாட்டான்னு. எழுது. எம் பேரயும் போடு."

"பேர் போட மாட்டோம் அத்த."

"அப்பொ தாயின்னு போடு. மறைக்கச் சொன்னது தாயின்னு போடு."

அவர் பயந்ததைச் சொல்லிவிட்டார். நானும் பயந்தேன். மாணவிகளுக்கான படிவத்தின் கடைசிக் கேள்வி, இந்த ஆய்வு உங்களிடம் ஏற்படுத்திய மாற்றம் என்ன என்பது. என் வகுப்பில் எல்லோரும் தன்னம்பிக்கை என்று நிரப்பியிருக்கிறார்கள். நான் காலியாக விட்டிருந்தேன். இனி காலி இல்லை. உன்னிடமிருந்து நான் தூக்கிக்கொண்டு நடப்பது ஒரு ரகசியம். அதை இறக்கி வைக்கப் போகிறேன். உன் அனுமதியைக் கேட்க வழியில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பாய். அப்போதும் இதைத்தான் செய்வேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தைத் திரும்ப டைப் அடித்தேன். உன் அம்மா சொன்ன வரியைச் சேர்த்தேன். கடைசிக் கேள்விக்கு, "எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கோடு போட்ட பழைய தாளையும் புதியதையும் ஒன்றாகப் பின் அடித்து மேடத்தின் மேசையில் வைத்தேன். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கும்படி கேட்டுவிட்டு டூட்டிக்குப் போனேன்.