சத்தம் போடாத பலகாரம்

அக்கா,

அடுப்பில் பாசிப்பயறு வறுபடுகிறது. என் கடைசிப் பையனுக்குப் பதினான்கு வயது. குளிர்பெட்டியின் கதவை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் தின்று தீர்க்கிறான். வளரும் பிள்ளைக்குச் சத்தாகவும் வயிறு நிறையவும் செய்து கொடுக்கச் சொல்லி, இங்கே லோபாக்கில் என் பக்கத்து வீட்டுக்காரி கைப்பேசியில் முப்பது பலகாரக் குறிப்பு அனுப்பியிருக்கிறாள். ஒன்றில்கூட உன் முதல் கேள்வி இல்லை: கடித்தால் சத்தம் வருமா?

பயறு வாசம் எழுந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு ஒளிய இடம் தேடினேன். ஐம்பத்திரண்டு வயதில், என் சொந்தச் சமையலறையில். இப்போது என்னை ஒளித்து வைக்க ஒரு லாரி வேண்டும், அது வேறு விஷயம். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல். வழக்கம்போல் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நாம் வளர்ந்தது சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். அப்பா வெட்டிய பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, கள்ளுக்கடைக்குப் போய், மூன்று மணிக்கு லயத்து வீட்டுக்குத் திரும்புவார். அம்மா, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டு வேலை முடிந்து ஆறுக்குத்தான் வருவாள். இடையில் அவர் கையில் எது அகப்படுகிறதோ அது எங்கள் முதுகில். இடைவார், விறகுக்கட்டை, ஒரு முறை முழுக் கருவாடு. கருவாட்டால் அடி வாங்கியவள் நான்தான். மூன்று நாள் பள்ளிக்கூடம் வரை பூனைகள் துணைக்கு வந்தன.

நீ வாங்கியதில் சிரிக்க ஒன்றுமில்லை. உன் முன்பல் இரண்டு படிக்கட்டில் விழுந்தன. உன் கூந்தலைக் கையில் சுற்றி அவர் சுவரில் மோதிய ஞாயிற்றுக்கிழமை, நான்காம் வீட்டு அத்தை வானொலியைச் சத்தமாக வைத்தாள். நல்ல பாட்டு வேறு.

அதன் பிறகுதான் பதின்மூன்று வயதில் நீ அந்த ஏற்பாட்டைச் செய்தாய். இரண்டரை மணிக்கே என்னை இழுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால், பால்மரங்களுக்கு நடுவே, காய்ந்து கிடந்த காவாய்க்குள் இறங்கிவிடுவாய். அவர் குடித்த களைப்பில் தூங்கும்வரை அங்கேதான். ஒரே தொல்லை, நான். பசித்தால் அழுவேன், அழுதால் அகப்படுவோம்.

"முறுக்கு வேணாம், மொறுமொறுங்கும். கச்சான் கடலை வேணாம், தோல எங்க போடுவ? வாழப்பழம் தின்னா அரை மணியில திரும்பப் பசிக்குதும்ப."

"அப்புறம் என்னதான்க்கா திங்கிறது?"

"உருண்டை. ஒன்னு தின்னா அஞ்சு மணி வரைக்கும் ஒன் வாய் மூடியிருக்கணும்லா."

வறுத்த பாசிப்பயற்றை அம்மியில் பொடித்து, தேங்காய்ப்பூவும் குலா மலாக்கா வெல்லமும் சேர்த்து, பல்லே தேவைப்படாத பதத்தில் பிடிப்பாய். ஒரு வருடம் அந்த உருண்டையில் நாம் உயிரோடு இருந்தோம். மிகையில்லை.

எனக்குத்தான் சலித்துப்போயிற்று. தீபாவளிக்கு மறுநாள் நான்காம் வீட்டு அத்தை கொடுத்த முறுக்கைப் பாவாடைக்குள் முடிந்துகொண்டு காவாயில் இறங்கினேன். அன்று அப்பா தூங்கவில்லை. பால் வாளி தூக்கும் காண்டாக் கம்போடு மரத்துக்கு மரம் தேடி வந்தார்.

"எங்கடி இருக்கீங்க? வெளிய வாங்கடி!"

ஐந்தடி தள்ளி நின்றார். காறித் துப்பினார். திரும்பினார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நான் கடித்தேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபம்கூட இல்லை. என் தலையை மண்ணோடு அமுக்கிவிட்டு மேலே ஏறி எதிர்ப்பக்கம் ஓடினாய். "நான்தாம்பா! நான் மட்டுந்தாம்பா!" முதல் அடி தோளில். இரண்டாவது இடது காதில். தேங்காய் உடைகிற சத்தம். விழுந்த உன்னைக் கம்பு முறியும்வரை அடித்தார். முறிந்த பிறகு காலால்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயிலிருந்த முறுக்கைத் துப்பவில்லை. எச்சிலில் ஊறவைத்து, சத்தம் வராமல் முழுங்கினேன்.

"கெணத்தடியில வழுக்கிட்டேன் சார்" என்றாய் தோட்டத்து மருந்துக்காரரிடம்.

"எந்தக் கெணறும்மா கம்பு வச்சிருக்கு?" என்று முனகியபடி அவர் காதில் பஞ்சை அடைத்தார். அந்தக் காது பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அன்று பாயில் படுத்தபடி என்னிடம் கேட்டாய்: "முறுக்கு நல்லா இருந்துச்சா?"

"உப்பு கம்மிக்கா."

நீ சிரித்தாய். பஞ்சு சிவந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் வேடிக்கை பேசக் கற்றது அன்றைக்குத்தான்; அதை வைத்து இன்றுவரை கல்யாண வீடுகளில் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. பேருந்தில், உன் மணவறையில், உன் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், எப்போதும் உன் இடப்பக்கமாக உட்கார்ந்து, "மன்னிச்சிரு அக்கா" என்பேன். வேண்டுமென்றேதான். "என்னடி முணுமுணுக்குற?" என்று திரும்புவாய். "சேலை நல்லாருக்குன்னேன்."

போன மாதம், நீ படுத்திருந்த சிரம்பான் ஆஸ்பத்திரியில், முதல் தடவையாக நாற்காலியைத் தூக்கி உன் வலப்பக்கம் போட்டேன். குனிந்தேன். வாய் திறந்தேன்.

"பசிக்குதாக்கா?"

"ஒனக்குப் பசிச்சாத்தான் என்னக் கேப்ப," என்றாய், கண்ணைத் திறக்காமல். "அலமாரியில பிஸ்கட் இருக்கு. எடுத்துத் தின்னுடி."

தின்றேன் அக்கா. நான் தின்று முடிப்பதற்குள் நீ தூங்கிவிட்டாய். உன் வலது காதுக்கு உரியது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.