தவளைத் தண்ணீருக்குக் காவல்

கோத்தகிரி, ஆடி 1972

அன்புள்ள அப்பாவுக்கு, வீரையன் வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

ஞாயிறன்று தேயிலை ஆலைக்கு விடுமுறை. இயற்கைச் சங்கத்தார் பராமரிக்கும் மலையில் ஏறினேன். அழகான இடம்தான். மேலே பாதையை மறித்துத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வயல்காரன் கை சும்மா இருக்குமா? குச்சியால் வாய்க்கால் கீறி வடியவிட்டேன். சங்கத்துக் காவலாள் ஓடிவந்தார்.

"என்னய்யா பண்றே? தவளை முட்டை கிடக்குற தண்ணி, அடைய்யா!"

அடைத்தேன். எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. நாம் குத்தகையைப் பதிவு செய்த கோபத்தில் பண்ணையார் நம் மடையை அடைத்துவிட்டார், வயல் காய்கிறது, கேட்க நாதியில்லை. இங்கே தவளைத் தண்ணீருக்குக் காவல்!

யாராவது வந்தால் நார்த்தங்காய் கொடுத்தனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. தபால்காரர் வந்துவிட்டார். நம் வயலில் தவளை கத்தினால் உடனே ஒரு கார்டு போடுங்கள்.

வீரையன்