பக்க மேசைகளும் என் கட்டிலும்

ஜூன் 7, சனி

வெயில். காலையிலேயே வாசல் சிமெண்டு சுட்டது. மகன் சேகர், மருமகள் கோமதி, பேத்தி தர்ஷினி, நான். எல்லாரும் காரில் சிரம்பானுக்கு, மேசை பார்க்க.

கோமதி என்று முழுதாக எழுத நேரம் பிடிக்கிறது. இனி கோ. தர்ஷினிக்கு த. சேகரைச் சுருக்க மாட்டேன். அவன் பெயரை எழுத ஆசையாக இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவன் நான். போன வருடம் கோயில் மண்டபத்து வகுப்பில்தான் எழுத்து வந்தது. ‘சே’ போடும்போது கை ஒரு முறை நிற்கிறது. பிறகு ஓடுகிறது. நல்ல சுகம்.

விஷயம் இது. அடுத்த ஞாயிறு த.வுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் செண்டாயானில் பெரிய வீட்டுக்காரர்கள். எங்களுடையது ரந்தாவில் மலிவு விலை வரிசை வீடு. ஒரு ரூமில் சேகரும் கோ.வும். இன்னொன்றில் த. ஹாலில் சோபா, டிவி, சாமி மேடை, ஜன்னல் ஓரம் என் கட்டில்.

“சோபாவுக்கு ரெண்டு பக்கமும் சின்ன மேசை போட்டா ஹால் பெருசா தெரியும் மாமா. வீடியோவுல காட்டுனாங்க.” கோ. சொன்னது.

உள்ள இடத்தில் இன்னும் இரண்டு சாமான் போட்டால் எப்படிப் பெரிதாகும் என்று கேட்டேன். காரில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

கடையில் பார்த்தவை:

மரப்பெட்டி மாதிரி ஒன்று. இழுப்பறை உண்டு. மாத்திரை, மூக்குக்கண்ணாடி, இந்த நோட்டு எல்லாம் வைக்கலாம். எனக்குப் பிடித்தது.

வட்டமாக ஒன்று. ஒரே கால். தொட்டால் ஆடியது.

கண்ணாடிப் பலகை போட்டது. இரும்புக் கால், விரல் பருமன்தான்.

கடைக்காரச் சீனர் கண்ணாடி மேசையை ஒரு சோபா பக்கத்தில் வைத்துக் காட்டினார். “பாருங்க அங்கிள், கீழ தரை தெரியுது. மரம் போட்டா கண்ணு முட்டும். இது போட்டா ரூம் பெசார் லா!” பெரிதாகிவிடுமாம். மேசை சோபாவின் கையைவிட உயரக் கூடாதாம். மேலே துணி விரிக்கக் கூடாதாம்.

த. என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, நீங்க சொல்லுங்க, எது?” என்றாள். கடைக்காரர் முன்னால் என்னைக் கேட்டாள். இழுப்பறை மறந்துவிட்டது. “கண்ணாடிதான்” என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மேகம். மழை இல்லை. மேசைகள் வந்தன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சீனர் சொன்னது உண்மை. தரை சுவர் வரைக்கும் ஓடுகிறது. வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். மறுபடி வாசலுக்கு வந்தேன். நான் சொன்ன மேசை.

மதியம் கோ. போனில் படம் எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கத்து மேசையின் ஊடாக என் கட்டிலின் அடி தெரிகிறது. பிஸ்கட் டின், பழைய பூட்ஸ், தைலப் புட்டி, பிளாஸ்டிக் பையில் என் துணிமணி.

“மரமா இருந்தா மறைச்சிருக்கும்” என்றான் சேகர். “அப்பாதானே கண்ணாடி கேட்டாரு.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துச் சொன்னான்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. கட்டிலடியைக் காலி செய்தேன். பூட்ஸைத் தூக்கிப் போட்டேன். துணி இப்போது த. அலமாரியின் கீழ்த்தட்டில். டின் மட்டும் மிச்சம். இப்போது கட்டிலே கண்ணை உறுத்துகிறதாம்.

அடுப்படிப் பேச்சு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை இந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை.

“ஒரு வாரத்துக்குத்தானே. பின்னால போட்டா என்ன?”

“வாஷிங் மிஷின் பக்கத்துலயா? எங்கப்பா லா அவரு.”

“நான் என்ன ரோட்டுலயா போடச் சொன்னேன்? கூரை இருக்குல்ல?”

சேகர் குழாயைத் திறந்து கை கழுவும் சத்தம். இன்னும் ஏதாவது சொல்வான் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூன் 11, புதன்

வெயில். கட்டில் பின்னால் போனது. அடுப்படியைத் தாண்டி, தகரக் கூரைக்குக் கீழே. ஒரு பக்கம் துணி துவைக்கிற மிஷின், இன்னொரு பக்கம் கேஸ் சிலிண்டர், நடுவில் நான்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்தாம்பா” என்றான் சேகர்.

ஒரு முனையை அவன் தூக்கினான், மறுமுனையை நான். என்னை வெளியேற்றுகிற வேலைக்கு நானே ஆள். ஆட்களை மேய்க்கும் மண்டோர்கூடத் தேவைப்படவில்லை. தோட்டத்து லய வீட்டில் ஹால் என்று ஒன்று கிடையாது. அதனால் யாரையும் ஹாலை விட்டு அனுப்பவும் முடியாது.

இன்று எழுதியதில் அழகாக வந்த வார்த்தை: சிலிண்டர். ஒரு தடவைகூட அழிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மிஷின் ஓடினால் கட்டில் நடுங்குகிறது. எழுத்தும் கோணுகிறது. என் தப்பு இல்லை.

ஹாலைப் போய்ப் பார்த்தேன். கட்டில் கிடந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பூச்சாடிகூட வைக்கவில்லை. அப்படி வெறுமையாக விட்டால்தான் அழகாம். அப்படியென்றால் இத்தனை நாள் அங்கே அழகைக் கெடுத்துக்கொண்டு படுத்திருந்தது யார்?

த. பின்னால் வந்தாள். “சாரி தாத்தா.”

“எதுக்கும்மா?”

அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். நானும் விட்டுவிட்டேன். கல்யாணப் பெண். முகம் வாடக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். வந்தார்கள். இரண்டு கார், ஒரு வேன்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும், “பரவால்லயே! வெளிய பாத்தா சின்னதா தெரிஞ்சிச்சு, உள்ள நல்லா விசாலமா இருக்கே!” என்றார். கோ. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

தட்டுகள் வந்தன. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, சேலை. மாப்பிள்ளையின் அப்பா ஒரு தட்டை மேசையில் வைக்கப் போனார். மேசையைவிடத் தட்டு அகலம். கையிலேயே வைத்துக்கொண்டார். எல்லாரும் தட்டோடு நின்றார்கள்.

“என்னம்மா, பாய் விரிக்கலயா?” மாப்பிள்ளையின் அத்தை, உரத்த குரல். “சோபாவுல குந்திக்கிட்டா தட்டு மாத்துவாங்க?”

தட்டு மாற்றுவது தரையில், பாயில் உட்கார்ந்துதான். எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேசை வாங்கிய மும்முரத்தில் இந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

பிறகு ஒரே ஓட்டம். சோபா வாசல் போர்ச்சுக்குப் போனது. பாயைப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தார்கள். இரண்டு மேசைகளையும் பின்னால் கொண்டுபோய் என் கட்டில் மேல் வைத்தார்கள். ஹால் அப்போதுதான் நிஜமாகவே பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு மூத்தவன் கையால் தட்டு போக வேண்டும். “அப்பா, வாங்கப்பா, சீக்கிரம்.” போய் உட்கார்ந்தேன். எதிரே மாப்பிள்ளையின் தாத்தா. கோலா சாவா பக்கம் தோட்டத்தில் இருந்தவர். தட்டு மாற்றினோம். அவர் கையும் என் கை மாதிரிதான், காய்ப்பு காய்ப்பாக.

சாப்பிட்டபின் அவரைக் கை கழுவப் பின்னால் அழைத்துப் போனேன். கட்டிலைப் பார்த்தார்.

“இங்கதான் படுக்கிறீங்களா?”

“சேச்சே. இது சும்மா கெடக்கு. உள்ள ரூம் இருக்கு.”

அவர் கட்டில் மேல் இருந்த மேசையைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே என் தலையணை, தலை அமுங்கிய குழியோடு.

“எங்க வீட்டுல வட்ட மேசை வாங்குனாங்க” என்றார். “நான் போர்ச்ல.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேகர் எட்டிப் பார்க்கும் வரை சிரித்தோம்.

ஜூன் 16, திங்கள்

வெயில். காற்று இல்லை. மேசைகள் சோபா பக்கத்துக்குத் திரும்பிவிட்டன. கட்டில் திரும்பவில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது சேகர், “கல்யாணம் வரைக்கும் இப்படியே இருக்கட்டும்பா. அவங்க அடிக்கடி வந்து போவாங்க.”

“கல்யாணம் ஆனா த. ரூம் காலியாயிடுமே” என்றேன்.

பதில் கோ.விடமிருந்து. “அவ வந்தா தங்க ரூம் வேணாமா மாமா?”

வேண்டும்தான். எல்லாருக்கும் வேண்டும்.

கோ. பசாருக்குப் போனதும் கட்டிலை இழுத்தேன். ஒற்றை ஆள். அடுப்படி வாசலில் மாட்டிக்கொண்டது. சாய்த்து, ஒரு காலை முதலில் விட்டு, பிறகு மற்றதை. சட்டை நனைந்துவிட்டது. மேசைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மிஷின் பக்கத்தில் வைத்தேன். கவனமாக. கண்ணாடி.

ஜன்னல் ஓரம் நல்ல காற்று. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கோ. வந்தாள், பார்த்தாள், காய்கறிப் பையோடு அடுப்படிக்குப் போய்ப் போனில் பேசினாள்.

சேகர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

“என்னப்பா இது?”

“கட்டில்” என்றேன்.