புளி போட்டுத் தேய்த்த பர்மா மயில்

என் மேல் என்றைக்கும் கோபப்படாத, எனக்கு மட்டும் தினமும் கோபமூட்டிய மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தலைத்திவசமும் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்று நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. அக்காவிடம் அதைக் கொட்ட முடியாது. என் வீட்டுக்காரியிடம் ஆரம்பித்தால், "செத்தவுகளப் போயி ஏசாதீக" என்று வாயை அடைக்கிறாள். ஆகவே நேராக உங்களிடமே கொட்டிவிடுகிறேன். நீங்கள்தான் எதிர்த்துப் பேச மாட்டீர்களே, உயிரோடு இருந்தபோதும் பேசியதில்லை. சிரித்துக்கொண்டே காசு பார்க்கிற லென்ஸைத் துடைப்பீர்கள்.

ஒரு மனுஷன் எதையாவது சேர்க்கட்டும், தப்பில்லை. கல்லலிலிருந்து மதுரைக்குப் போவதற்கே மூக்கால் அழுகிற நீங்கள், பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று உலகத்துக் காசையெல்லாம் சேர்த்தீர்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து கடல் தாண்டித் தொழிலுக்குப் போனவர்களின் பெட்டிகளில் வந்து சேர்ந்த காசுகள். பெரிய வீடுகளை இடிக்கும்போது பூட்டு, கீல், கைப்பிடியோடு அவையும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கு வரும். சனிக்கிழமை ஆனால் நீங்களும் அங்கே வருவீர்கள். வீட்டில் விசேஷமா, விருந்தாளியா, காய்ச்சலா, எதுவும் உங்களை நிறுத்தாது.

பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா காப்பித் தட்டோடு வந்து நிற்கிறாள். நீங்கள் எங்கள் ஊஞ்சல் கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கொக்கி ஆடாமல் இருக்க அப்பா ஓர் ஓட்டைக் காலணாவை வாசராகப் போட்டிருந்தார். "அதக் கழட்டித் தருவீகளா?" என்பதுதான் எங்கள் வீட்டில் நீங்கள் பேசிய முதல் வார்த்தை. அப்பா அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தார். பாவம் அப்பா.

அதற்கப்புறம் மானகிரியில் நான் ஹார்டுவேர் கடை போட்டேன். நீங்கள் வந்தால் என்னைப் பார்க்க மாட்டீர்கள். நேரே வாசர் டப்பாவுக்குள் கையை விடுவீர்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிப்போட்ட சரக்கில் ஓட்டைக் காசு ஏதாவது கலந்திருக்குமாம். ஆணி வாங்க வந்தவர் நிற்பார், நீங்கள் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, அதையெல்லாம் விடுங்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டீர்கள்? "சேது, காசப் பிரிச்சிராதீக. எல்லாம் ஒண்ணா இருக்கணும். எங்கிட்டாவது எம்பேர் போட்டு வைக்க முடியுமான்னு பாருங்க." ஆயுசில் நீங்கள் எனக்கு வைத்த ஒரே கோரிக்கை அது. அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்வீர்கள் என்று நினைத்துக் குனிந்தேன். காசைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

ஆட்டியதற்குப் பாடுபட்டேன் மச்சான். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற பேராசிரியரைப் பிடித்தேன். நல்ல மனிதர். ஓர் அறை ஒதுக்கி, கண்ணாடிப் பெட்டி அடித்து, உங்கள் பெயரிலேயே வைக்கிறோம் என்றார். ஒவ்வொரு காசும் எந்த நாட்டுடையது என்று பிரித்துக் கொடுத்தால் போதும் என்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு உங்கள் வீட்டில் லென்ஸும் கையுமாக உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் நீங்கள் செய்துவைத்திருந்த காரியம் தெரிந்தது. பர்மாக் காசு இருந்த டப்பாவில் 'கடுகு' என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கைக்கு வெந்தயம், மலாயாவுக்குச் சீரகம். திருடன் வந்தால் ஏமாற வேண்டுமாம். பீரோவைப் பூட்டி அதற்குள் கடுகு வைத்திருக்கிற வீட்டில் எந்தத் திருடன் ஏமாறுவான்? எந்த டப்பா எந்த ஊர், எந்தக் காசு எந்த ஊர் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாம் உங்கள் மண்டைக்குள் இருந்தது, மண்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். மூலை மழுங்கிய சதுரத் தகடு ஒன்றை, ஏதோ பழைய பூட்டின் அடித்தகடு என்று குப்பையில் போடப் பார்த்தேன். திருப்பினால் அதில் ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார். மலாயாக் காசாம். சதுரமாகக் காசு அடிப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எனக்கென்ன, இந்த ஜில்லாவுக்கே தெரியும். பழைய காசைத் தேய்க்கக் கூடாது. "அது அழுக்கு இல்லப்பா, அது வயசு. தேச்சா வயசு போயிரும், அப்புறம் அது வெறும் செம்பு." இதைக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னீர்கள். சிங்கம்புணரி பஸ்ஸில் கண்டக்டரிடம், அவர் விசில் ஊத விடாமல் சொன்னீர்கள். நானும் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துத்தான் ஒரு காசைக்கூட ஈரத்துணியால் தொடாமல் பிரித்து வைத்தேன்.

திவசத்துக்கு முந்தின நாள் இலைக்கட்டு கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் அக்கா. படையலுக்கு முன்னால் எப்போதும் நடக்கிற வேலைதான்: அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாவற்றையும் இறக்கிப்போட்டுப் புளியும் உப்பும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை வெயிலில் மினுமினுத்தது. எட்டிப் பார்த்தேன். உங்கள் செம்பு, பித்தளைக் காசுகள் முழுவதும் நேற்று அடித்த மாதிரி பளபளவென்று கிடந்தன.

"அக்கா, என்னக்கா செஞ்சு வச்சிருக்க?"

"பாத்தாத் தெரியல? தேச்சு வச்சிருக்கேன்."

"யாரக் கேட்டுத் தேச்ச?"

"யாரக் கேக்கணும்? நாளைக்குப் படையல்ல அவுக வேட்டி, துண்டு, கண்ணாடி எல்லாம் வைக்கிறோம்ல. அவுகளுக்குப் பிடிச்சது இதானே. கருகருன்னு அப்படியேவா கொண்டுபோயி வைக்கிறது? கத்தாம இலையத் தொடச்சு அங்குட்டு வையி."

மாதக்கணக்காகக் கழுத்து நரம்பு இழுக்க நான் பிரித்து வைத்த வேலை, ஓர் உருண்டைப் புளியில் போச்சு. பேராசிரியர் அடுத்த வாரம் வருகிறார். என்ன சொல்ல? கல்லில் உட்கார்ந்து இலையைத் துடைத்தேன். வேறென்ன செய்வது?

படையலில் உங்கள் இலைக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் அவற்றைக் குவித்து வைத்தாள். வந்த சனத்துக்கெல்லாம் ஒரே சந்தோஷம். "அடேங்கப்பா, தங்கமாட்டம்ல இருக்கு" என்றார்கள். சிங்கம்புணரிச் சித்தப்பா என் காதோரம் வந்து, "ஏப்பா, இதுல அரிசிய இழுக்குற காசு எதும் இருக்கா? கோடிக்கணக்குல போகுமாம், போன்ல காட்டுனாக" என்று கேட்டார். இருந்தால் முதலில் உங்கள் இலையில் இருக்கிற சோற்றை இழுத்திருக்கும் சித்தப்பா என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அவர் அதையும் நம்பி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வந்தார். வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐயா, யாருய்யா இதத் தேய்ச்சது?" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, வெள்ளியையும் நிக்கலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், செம்பும் பித்தளையும் வேண்டாம், பார்க்கிறவர்கள் போலி என்று நினைத்துவிடுவார்கள் என்றார். பாதிக்கு மேல் செம்பும் பித்தளையும்தான், உங்களுக்குத் தெரியாததா? தோட்டக் கூலிகளுக்குக் காசுக்குப் பதில் கொடுத்த டோக்கன்கள், இலங்கைச் சதங்கள், நீங்கள் கொஞ்சிக்கொண்டிருந்த பர்மா மயில் எல்லாம் அதில்தான் இருந்தன.

பிரிக்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் சார் என்று கெஞ்சினேன். அவர் கையை விரித்தார். அவரைச் சொல்லி என்ன? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பீர்கள். வேறு வழி தெரியாமல் அக்கா மேல் பழியைப் போட்டேன். "எங்க அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது சார். வெள்ளந்தியாத் தேச்சுப்புடுச்சு."

"எனக்குத் தெரியும்."

அக்கா காப்பித் தம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"தேய்க்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் சார். கல்யாணமாயி வந்ததுலருந்து கேட்ட பேச்சு அது ஒண்ணுதான். தொடாத, ஓங்கையி ஈரக்கையி, பட்டாக் காசு கெட்டுப்போகும்னு சொல்லுவாக. அந்த ரூம்பக் கூட்டப் போனாக்கூடப் பின்னாலயே வந்து நிப்பாக. ஊர்ல உள்ளவுக எல்லாம் கையில வாங்கிப் பாத்தாக. எனக்கு ஒருநாளும் குடுக்கல."

அக்கா தம்ளரைப் பேராசிரியர் முன்னால் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அவுக போனப்புறம் ஒருநா டப்பாவத் தொறந்து கையில எடுத்தேன். எல்லாம் ஒரே கருப்பு. எனக்கு என்ன தெரியும் அதுல? இத்தன வருஷம் என்னயக்கூடப் பாக்காம அப்படி எதத்தான் பாத்தாகன்னு எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு. தேச்சேன். தெரிஞ்சுச்சு. காப்பி ஆறுது, குடிங்க சார்."

அவர் காப்பியைக் குடித்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மச்சான், இப்போது கேட்கிறேன், சிரித்து மழுப்பாமல் கேளுங்கள். ஒரே ஒரு காசு. கையைத் துடைச்சுக்கிட்டு வா சிவகாமி என்று கூப்பிட்டு, ஒரே ஒரு காசை அவள் உள்ளங்கையில் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பஸ் கண்டக்டருக்குப் பாடம் நடத்த நேரம் இருந்ததே. அந்தக் கை எதனால் ஈரமானது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? உங்கள் வேட்டியை அலசி, உங்கள் சோற்றை வடித்துத்தானே ஈரமானது. நீங்கள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமே. கெட்டவராக இருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டி முடித்திருப்பேன். ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன், வீட்டில் இருக்கிறவளிடம் இப்படியா இருப்பது?

அன்று சாயங்காலம் அவள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னையும் கூப்பிட்டாள்.

"இந்த மயிலு எந்த ஊருடா?"

"பர்மாக்கா."

"அங்கிட்டும் மயிலு இருக்கா?"

"இருக்கும்போல."

"தோகைய விரிச்சுக்கிட்டு எம்புட்டு அழகா நிக்கிது பாரு. இதப் போயி கருப்புக்குள்ள வச்சிருந்தாக." லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "இந்த மரம் என்ன, பனையா?"

"இலங்கைக் காசுக்கா அது. பனை மாதிரிதான் இருக்கு. என்ன மரம்னு தெரியல."

"கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்லு என்கிறாள் மச்சான், இந்த வயதில். யாரிடம் கேட்பது? கேட்டால் விடிய விடியச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை, சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியபோது வரவில்லை, ஓர் இலங்கைச் சதத்து மரத்துக்காக உட்கார்ந்து அழுதேன். அக்கா கண்டுகொள்ளாமல் அடுத்த காசை எடுத்தாள்.

மறுநாள் பேராசிரியருக்குப் போன் செய்து, வெள்ளியும் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான். உங்கள் பெயர் போட்ட கண்ணாடிப் பெட்டி இனி வரப்போவதில்லை. ஒன்றாக இருக்க வேண்டும் என்றீர்கள், ஒன்றாகத்தான் இருக்கின்றன, அக்காவிடம். பாதி வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், மீதிப் பாதிக்கு என்னைத் திட்டுவதானால் கனவில் வந்து திட்டுங்கள். அப்படியே அது என்ன மரம் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்த மீதிப் பாதிக்கு ஈடாக வேறு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்கு வருவேன். அவள் எந்தக் காசை எடுத்து நீட்டினாலும் அது எந்த ஊர், யார் தலை, என்ன எழுத்து என்று தேடிப் பிடித்துச் சொல்வேன். தெரியாது என்று ஒருபோதும் எழுந்துபோக மாட்டேன். நேற்று, வெள்ளிக் காசை எதைப் போட்டுத் தேய்த்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டாள்.

திருநீறு என்று சொல்லிவிட்டேன். கூட உட்கார்ந்து தேய்த்துக்கொடுக்கப் போகிறவனும் நான்தான்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
அதற்கப்புறம்தான் உங்கள் மச்சினன்,
சேது