கண்ணாடிப் பெட்டிக்குள் உன் குரல்

என் உசிரான அண்ணனுக்கு,

உன் பேரை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று படித்தால் உனக்கே புரியும்.

வெளிநாட்டு இசைக்கருவி அருங்காட்சியகத்துக்காரர்கள் நம் ஊர் சாலவாக்கத்துக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? லாபம் பார்க்காத அறக்கட்டளை என்றார்கள். உன் பழைய பம்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன் செய்யும் பூவாடைச் சடங்கில் செத்தவரைக் கூப்பிடும் பாட்டையும் பதிவு செய்யக் கேட்டார்கள். யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "செத்தவங்கள சும்மா கூப்ட்டு ஏமாத்தக் கூடாதுடா. என் பேரையே சொல்றேன். நான் உசுரோட தானே கீறேன், யாரு வரப்போறா?"

அடுத்த ஆடிக்குள் நீ போய்விட்டாய்.

இந்தத் தையில் உன் மகள் சத்யாவுக்குக் கல்யாணம் வைத்தோம். தாலி கட்டுமுன் உன்னை அழைக்க ஏரிக்கரையில் கலசம் வைத்தோம். காவாந்தண்டலம் ஊரிலிருந்து வந்தவர் பம்பை அடித்தார், நான் உடுக்கை. பொழுது சாயும்வரை கூப்பிட்டும் யார் மேலும் நீ வரவில்லை.

காரணத்தை அண்ணிதான் கண்டுபிடித்தாள். அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் முன்பு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் உன் பம்பை. பக்கத்தில் ஒரு பொத்தான். யார் அமுக்கினாலும் உன் குரல் உன்னையே வா வா என்கிறது.

"நாளெல்லாம் கூப்ட்டுக்கினே கீறாங்களே. அவரு எப்படி இங்க வருவாரு?" என்றாள் அண்ணி.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒருநாள் நிறுத்தச் சொல்றேன் சார்" என்றாள்.

மறுநாள் மாலை உடுக்கையில் கை வைத்ததுமே சத்யா நடுங்கினாள். வாய் அவளுடையது, குரல் உன்னுடையது.

"குளுருது. எங்க பாத்தாலும் கண்ணாடியா கீது. கம்பளி குடுங்க."

போர்த்திவிட்டோம். கலசத்தோடு வீட்டுக்கு வந்தாய். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பிறகு அந்தப் பெண் கூப்பிட்டாள். "மன்னிச்சிடுங்க சார், அன்னைக்கு நிறுத்த மறந்துட்டாங்க. எல்லாரும் அமுக்கிக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா பம்பை மட்டும்தான் கேட்டுது, குரல் வரல. மூலப் பதிவுலயும் இப்ப குரல் இல்ல." அப்புறம் கேட்டாள்: "நீங்க ஒருவாட்டி பாடித் தர்றீங்களா?"

யார் பேரைச் சொல்லிப் பாடுவேன் அண்ணே?

முடியாது என்று சொல்லிவிட்டேன். பம்பை அங்கேயே இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும். சத்யாவுக்குப் பிள்ளை பிறந்து காது குத்தும்போது நானே ஏரிக்கரைக்கு வந்து உன்னைக் கூப்பிடுகிறேன். இது சத்தியம். அதுவரை யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே.

உன் பக்கத்தில் நின்று உடுக்கை அடித்த தம்பி,
கன்னியப்பன்